ராபர்ட் பிரீரின் வழி: தனித்து அனிமேஷன் செய்துகொண்டே கலை கற்பித்து வாழ நம் கரையில் முடியுமா?

தங்கச்சிமடத்துத் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கவின்கலைக் கல்லூரியில் ஓவியப் பிரிவு இறுதியாண்டு படிக்கிறேன். கூடப் படிப்பவர்களில் பலர் சென்னையிலுள்ள கிராஃபிக்ஸ் ஸ்டுடியோக்களுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார்கள். வீட்டிலும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். என் மனம் வேறு பக்கம் இழுக்கிறது.

வகுப்பில் ராபர்ட் பிரீர் என்ற அமெரிக்கரின் 'ஃபூஜி' என்ற சிறு படத்தைக் காட்டினார்கள். 1974-இல் வந்தது. ஜப்பானில் ஓடும் ரயிலின் ஜன்னலிலிருந்து எடுத்த காட்சிகளை வைத்துக்கொண்டு, அவற்றின்மேல் கோடாக வரைந்து செய்திருக்கிறார். மலை ஒரு கணம் முக்கோணம், மறுகணம் வெறும் கோடு. தந்திக் கம்பங்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. கதை என்று எதுவும் இல்லை. ஆனாலும் ரயிலில் உட்கார்ந்திருப்பது என்றால் என்னவென்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. அதை 2002-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

இவர் எந்த ஸ்டுடியோவிலும் வேலை பார்க்கவில்லை. 1971 முதல் 2001 வரை நியூயார்க்கின் கூப்பர் யூனியன் கல்லூரியில் கலை கற்பித்தார். படங்களைத் தனியாகவே செய்தார். நானும் அப்படி வாழ முடியுமா? ஆசைக்காகக் கேட்கவில்லை, முடிவெடுக்க வேண்டியிருப்பதால் கேட்கிறேன்.

தொண்டிக்காரன் எழுதியது:

தம்பி, மனம் நோகாமல் கேளுங்கள். நியூயார்க்கில் அருங்காட்சியகம் இருக்கிறது, படத்தை வாங்கி வைக்க ஆள் இருக்கிறார்கள், பரிசும் நிதியும் கொடுக்க அறக்கட்டளைகள் இருக்கின்றன. இங்கே என்ன இருக்கிறது? பத்து நிமிடப் படம் ஒன்றை இரண்டு வருடம் உட்கார்ந்து வரைந்தால் அதை யாரிடம் கொடுப்பீர்கள்? தொலைக்காட்சியில் போடமாட்டார்கள். தியேட்டரில் போடமாட்டார்கள்.

விசைப்படகு வைத்திருக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். கிழக்குக் கடலில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளுக்கு எதைக் கொண்டு அடுப்பு எரியும் என்று கணக்குப் போட்டுத்தான் எங்கள் வீட்டில் எதையும் தொடங்குவார்கள். நீங்களும் அந்தக் கணக்கை முதலில் போடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். ஸ்டுடியோ வேலையில் மாதம் பிறந்தால் சம்பளம் வரும்.

மண்டபம் ஆசிரியை எழுதியது:

தம்பிக்கு முதலில் வாழ்த்துகள். தொண்டி அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. நான் ஒரு கல்லூரியில் ஓவியம் கற்பிக்கிறேன். விடுமுறைகளில் மண்டபத்து வீட்டில் மணலில் சிறு படங்கள் செய்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிரீரின் வாழ்க்கையை ஆண்டு வரிசையில் பாருங்கள், பலரும் சொல்வதிலிருந்து அது வேறுபட்டிருக்கும். 1926-இல் டெட்ராய்ட்டில் பிறந்தார். அப்பா கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் பெயர்பெற்ற பொறியாளர். மகனும் ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படிக்கச் சேர்ந்து, பிறகு ஓவியத்துக்கு மாறினார். 1949-இல் பாரிஸ் போய்ப் பத்தாண்டு இருந்தார். கெட்டியான வடிவங்களை அடுக்கி வரையும் ஓவியர் அப்போது. ஒரு ஓவியத்திலிருந்து அடுத்த ஓவியத்துக்கு வடிவம் எப்படிப் போகிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் 1952-இல் முதல் படத்தைச் செய்தார். சினிமாக்காரர் ஆக வேண்டும் என்று அவர் கிளம்பவில்லை, ஓவியத்தில் எழுந்த சந்தேகத்தைத் தீர்க்கக் கேமராவைத் தொட்டவர்.

1956-இல் 'ரிக்ரியேஷன்' என்ற படத்தில் ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது ஃபிலிமின் ஒவ்வொரு தனிப்படத்திலும், வெவ்வேறு பொருளை வைத்தார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் தொடர்பு இருக்காது. ஒன்று மற்றொன்றாக நகர்வதுதான் அனிமேஷன் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, நகராததை அடுக்கினால் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தார். 1970-இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் இவருடைய வெள்ளைக் கவிகை போன்ற சிற்பங்கள் பெப்சி அரங்கின் வாசலில் நகர்ந்துகொண்டிருந்தன. நகர்வது சட்டென்று கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக. படத்தில் தாங்க முடியாத வேகம், சிற்பத்தில் தாங்க முடியாத நிதானம். இரண்டையும் செய்தது ஒரே மனிதர்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் 1971-இல் கூப்பர் யூனியனுக்குப் போனார். அப்போது வயது நாற்பத்தைந்தை ஒட்டி. முதல் படத்துக்கும் வேலைக்கும் இடையே ஏறக்குறைய இருபது ஆண்டுகள். 'வேறு வழியில்லாமல் வாத்தியார் ஆனவர்' என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்புதலில்லை. 'ஃபூஜி' வந்தது வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் ஆண்டில். ஓய்வுபெற்ற பிறகும் 2003-இல் ஒரு படம் செய்தார். 2011-இல் இறந்தார். கற்பித்த முப்பது ஆண்டில் அவருடைய படம் நிற்கவில்லை, நீர்த்தும் போகவில்லை. சம்பளம் வந்ததால் எவரையும் திருப்திப்படுத்த வேண்டிய கட்டாயம் படத்துக்கு இல்லாமல் போனது.

இதில் தம்பி கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரீர் தம் படங்களை நான்குக்கு ஆறு அங்குல அட்டைகளில் வரைந்தார், அலுவலகங்களில் குறிப்பெழுத வைத்திருக்கும் சாதாரண அட்டை. ஒரு கட்டு அட்டையும் ஒரு மேசையும் இருந்தால் போதும். இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் பத்து அட்டை வரையலாம், அப்படியே மூடி வைத்துவிட்டுப் போகலாம். வரைந்த வரிசை பிடிக்கவில்லையென்றால் சீட்டுக்கட்டைப் போல் கலைத்து வேறு வரிசையில் படமெடுக்கலாம். வேலை பார்க்கும் மனிதனின் நாளுக்குள் அடங்கக்கூடிய பொருளை அவர் தேர்ந்தெடுத்தார். முப்பது ஆண்டு தாங்கியதற்கு அதுவே முக்கியக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். திறமை பலரிடம் இருக்கிறது. பெரிய ஸ்டுடியோ கேட்கும் வேலைமுறையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, இடம் கிடைக்காமலும் நேரம் கிடைக்காமலும் ஐந்தாம் ஆண்டில் நிறுத்திவிடுகிறார்கள். என் மாணவர்களிலேயே பார்த்திருக்கிறேன்.

சின்னப்பாலம் எழுதியது:

அக்கா, நான் பாம்பன் சின்னப்பாலம். நீங்கள் மணலில் செய்கிறேன் என்கிறீர்கள். அட்டைதான் வசதி என்று நீங்களே சொல்லிவிட்டு மணலை ஏன் எடுத்தீர்கள்? மணலில் இப்படிச் செய்தவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா?

மண்டபம் ஆசிரியை எழுதியது:

இருக்கிறார்கள். கேரலைன் லீஃப் என்பவரைத் தேடிப் பாருங்கள். 1946-இல் சியாட்டிலில் பிறந்தவர். ஹார்வர்டில் மாணவியாக இருந்தபோது அனிமேஷன் வகுப்பில் சேர்ந்தார், அங்கேயே மணலில் முதல் படத்தைச் செய்தார். 1972-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் சேர்ந்து இருபது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்தார். 1974-இல், ஆந்தை வாத்தை மணந்துகொள்ளும் கதையை, வடதுருவப் பகுதியில் வாழும் இன்யூட் மக்களிடமிருந்து எடுத்து மணலில் செய்தார். 1976-இல் 'தி ஸ்ட்ரீட்', சீக்கிரம் காயாதபடி கலந்த வண்ணத்தைக் கண்ணாடிமேல் விரலால் தீட்டிச் செய்தது. ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. பிறகு எண்பதுகளில் பெரும்பாலும் ஆவணப்படம் பக்கம் போய்விட்டார். 1990-இல் எழுபது மில்லிமீட்டர் ஃபிலிமையே நேரடியாகச் சுரண்டி 'டூ சிஸ்டர்ஸ்' செய்துகொண்டு திரும்பி வந்தார். அதன்பின் ஹார்வர்டிலும் லண்டனிலும் கற்பித்தார்.

தொண்டி அண்ணன் கவனிக்க: இவருடைய வாழ்க்கையிலும் பெரிய இடைவெளி இருக்கிறது. இருபது வயதில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு படம் என்று யாரும் அடுக்கிக்கொண்டே போகவில்லை.

நான் மணலை எடுத்ததற்குக் காரணம், ஒன்று இன்னொன்றாக மாறுவதை மணல் தானே செய்கிறது. கண்ணாடிக்குக் கீழே விளக்கு, மேலே நேர்க்குத்தாகக் கேமரா. மணல் கனமாகக் கிடக்கும் இடம் கறுப்பு, தூவலாகக் கிடக்கும் இடம் சாம்பல், நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு. சிறகை வரைந்து, படமெடுத்து, அதே சிறகின் மணலைத் தள்ளி அலை ஆக்க வேண்டும். சிறகு அத்தோடு போயிற்று, திருத்தம் என்பது கிடையாது. வேலை முடிந்தபின் கையில் படம் மட்டும் மிஞ்சும், ஓவியம் மிஞ்சாது. பிரீரின் அட்டைகளைச் சுவரில் மாட்டலாம், ஓவியமாக விற்கலாம். மணல்காரருக்கு அது இல்லை. வருமானத்தை யோசிப்பவர் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

தொண்டிக்காரன் எழுதியது:

நம் கடற்கரை மணல் இதற்கு ஆகுமா? கையில் ஒட்டிக்கொள்ளுமே. ஒட்டுகிற மணலில் நகத்தால் எப்படிக் கோடு இழுப்பது?

மண்டபம் ஆசிரியை எழுதியது:

நல்ல கேள்வி அண்ணா. அப்படியே அள்ளி வந்தால் ஆகாது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், காலையில் உதிரியாக இருந்த மணல் மாலையில் கட்டிதட்டிவிடும். நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, கழுவிய நீரை நாக்கில் வைத்தால் கரிப்பு தெரியாத வரை அலச வேண்டும். பிறகு வெயிலில் காயவைத்து மாவுச் சல்லடையில் சலிக்க வேண்டும். தென்கடல் பக்கத்து மணலில் சிப்பித் தூள் அதிகம். துகள்கள் தட்டையாக இருப்பதால் கோடு பிசிறு பிசிறாக வரும். எனக்குக் கைகொடுத்தது சாயல்குடிப் பக்கத்துத் தேரி மணல். காற்று உருட்டி உருட்டிக் கொண்டுவந்து சேர்த்த மணல் அது. சீராக ஓடும், விரலுக்கு வழிவிடும். சிவப்பாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், அடியிலிருந்து விளக்கு போட்டால் கறுப்பாகத்தான் தெரியும். ஒரு சொம்பு மணல் ஆண்டுக்கணக்கில் வரும். தீவுகள் பக்கம் மட்டும் யாரும் போகாதீர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, பவளத் துண்டை எடுத்தாலே குற்றம்.

மணலைவிடப் பெரிய தொல்லை காற்று. மின்விசிறி போடக் கூடாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் திறக்கவே முடியாது. பகல் வெளிச்சம் உள்ளே வந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் மாறிப் படம் துடிக்கும், மின் அழுத்தம் ஏறி இறங்கினாலும் துடிக்கும். அதனால் பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்குதான் வைத்திருக்கிறேன். மூடிய அறையில் குனிந்தபடியே வேலை. நெற்றியில் துணி கட்டிக்கொள்வேன், வியர்வை ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடத்து மணல் உருண்டு நின்றுவிடும், சுற்றி வரைந்ததெல்லாம் போய்விடும்.

தங்கச்சிமடத்துத் தம்பி எழுதியது:

நன்றி அக்கா, இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் தனுஷ்கோடியை எடுக்கலாம் என்றிருந்தேன். 1964 டிசம்பர் புயல், கடலில் போன ரயில், இடிந்த தேவாலயம். மணலில் ஒரு ஊர் அழிவதை மணலாலேயே காட்டலாம் என்று தோன்றியது.

சின்னப்பாலம் எழுதியது:

அண்ணா, தனுஷ்கோடி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேமரா வாங்கி இந்தப் பக்கம் வருகிற எல்லோரும் அந்தத் தேவாலயத்தைத்தான் எடுக்கிறார்கள். எங்கள் ஊரைப் பற்றிப் படம் என்றாலே அழிந்துபோன ஊர்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் உயிரோடிருக்கிற எங்களைத் தாண்டிப் போவதாக எனக்குத் தோன்றும்.

என் அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். தண்ணீருக்குள் மூச்சடக்கிப் பாறையில் கை வைத்துப் பிடுங்க வேண்டும். விரல் ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போவார். இல்லாவிட்டால் பாறை கிழித்துவிடும். வீட்டுக்கு வந்து அந்தத் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கும்போது விரல்கள் வெளுத்துச் சுருங்கி, வேறு யாருடைய கையோ போல இருக்கும். அப்புறம் மெல்ல மெல்லத் திரும்ப அம்மாவின் கை ஆகும். அக்கா சொன்னாரே, ஒன்று இன்னொன்றாக மாறுவதை மணல் தானே செய்யும் என்று. உடனே எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

மண்டபம் ஆசிரியை எழுதியது:

தங்கையே, அது உன் படம். தம்பிக்குக் கொடுத்துவிடாதே. நீயே செய். ஒரு நிமிடத்துக்குச் செய்தால் போதும். நொடிக்கு 24 ஃபிரேம், ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் வைத்தால் நொடிக்கு 12 படம், நிமிடத்துக்கு 720. மலைக்காதே. கை திரும்பக் கையாவது மெதுவாக நடக்கிற காரியம். சில இடங்களில் அசையாமல் நிறுத்தி வைக்கலாம். துணி அவிழும் இடத்தில் மட்டும் எண்ணிக்கையைக் கூட்டு.

கீழக்கரை வாசகர் எழுதியது:

இழையை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறேன். நம் நாட்டிலேயே முன்னோடிகள் இருக்கும்போது அமெரிக்காவோடு நிறுத்துவானேன் என்பதற்காக எழுதுகிறேன்.

குஜராத்தில் 1942-இல் பிறந்த இஷு படேல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்து, கேரலைன் லீஃப் இருந்த அதே கனடா வாரியத்தில் பல ஆண்டு பணியாற்றினார். 1977-இல் 'பீட் கேம்' படத்தை ஆயிரக்கணக்கான பாசிமணிகளைக் கையால் நகர்த்தியே செய்தார். அதுவும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. பின்னாளில் அமெரிக்காவில் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தார். நீனா சப்னானி அதே அகமதாபாத் நிறுவனத்தில் நெடுங்காலம் கற்பித்து, பிறகு மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பிரிவில் பேராசிரியர் ஆனார். கட்ச் பகுதிப் பெண்களின் துணியொட்டுத் தையலையே நகரும் படமாக்கி, அவர்கள் குரலிலேயே அவர்கள் கதையைச் சொல்லவைத்தார், 2009-இல். சின்னப்பாலம் தங்கை அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தைத்த பெண்கள்தாம் அந்தப் படத்தின் கலைஞர்கள்.

அரசு வேலைக்குள் இருந்துகொண்டும் சோதனைப் படங்கள் செய்திருக்கிறார்கள். பிரமோத் பதி ஃபிலிம்ஸ் டிவிஷனில் இருந்தபடியே 1968-இல் 'எக்ஸ்ப்ளோரர்' செய்தார். குடும்பக் கட்டுப்பாடு விளம்பரப் படம் எடுத்த அதே நிறுவனம்தான். 2022-இல் அதைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள்.

தொண்டிக்காரன் எழுதியது:

கீழக்கரை நண்பர் சொன்ன மூவருக்கும் பின்னால் அரசாங்கப் பணம் இருந்தது. கனடாவிலும் அப்படித்தான். நான் சொல்ல வந்ததும் அதுவே. முதுகுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இல்லாமல் இந்தக் கலை நிற்கவில்லை. அந்த நிறுவனத்தின் இடத்தில் தம்பிக்குக் கல்லூரி வேலை என்கிறார் ஆசிரியை. அதை ஏற்கிறேன். ஆனால் அந்த வேலை கிடைக்க என்ன வழி? அதைச் சொல்லாமல் விட்டால் பேச்சு பாதியில் நிற்கும்.

பாசி எடுக்கும் கையைப் பற்றி அந்தப் பெண் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பிறந்த வீடும் பாம்பன்தான். இரண்டாவது முறையும் வாசிக்கச் சொன்னாள்.

மண்டபம் ஆசிரியை எழுதியது:

வழி இதுதான் அண்ணா. உதவிப் பேராசிரியர் ஆக முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு வேண்டும், அதோடு 'நெட்' என்ற தேசியத் தகுதித் தேர்வில் அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சி. 'நெட்' தேர்வில் காட்சிக்கலை என்று தனிப் பாடமே உண்டு. இடஒதுக்கீட்டில் வருபவர்களுக்கு மதிப்பெண்ணில் தளர்வும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில், தொடர்ந்து கண்காட்சிகளும் பயிலரங்குகளும் நடத்திவந்த தேர்ந்த கலைஞருக்கென்றும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதனால் தம்பி இப்போதிருந்தே ஒவ்வொரு திரையிடலுக்கும், பள்ளியில் நடத்தும் ஒருநாள் வகுப்புக்கும் சான்றை வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும்.

இடம் குறைவு என்பதை மறைக்கமாட்டேன். நிரந்தரப் பணியிடம் வரும்வரை கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த சம்பளத்தில் பல ஆண்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படி ஓட்டியிருக்கிறேன். அந்த ஆண்டுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு, கல்யாண மண்டப அலங்கார வரைபடம், பாடநூல் படங்கள் என்று கிடைத்ததைச் செய்தேன். எல்லாவற்றிலும் கை பழகியது. ஸ்டுடியோ வேலையையும் நான் கீழாகச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டு அங்கே போய் வேலையின் ஒழுங்கைக் கற்றுக்கொண்டு முதுநிலைக்குத் திரும்புவது நல்ல வழி. ஒரே ஒரு நிபந்தனை, அங்கிருக்கும்போதும் அறையில் ஒரு கட்டு அட்டை இருக்க வேண்டும்.

கற்பிப்பதைப் பற்றி ஒன்று. மாணவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, 'இந்தக் கோடு ஏன் இங்கே வந்தது?' என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். தனியே இருக்கும்போது அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்பதில்லை. என் படங்கள் மாறியது வகுப்பறைக்குப் போன பிறகுதான். அதனால்தான் வாத்தியார் வேலையைச் சோற்றுக்கான வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

தங்கச்சிமடத்துத் தம்பி எழுதியது:

அக்கா, முடிவுக்கு வந்துவிட்டேன். முதுநிலைக்கும் விண்ணப்பிக்கிறேன், ஒரு ஸ்டுடியோவுக்கும் விண்ணப்பிக்கிறேன். எது முதலில் வருகிறதோ அது. தனுஷ்கோடியை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டேன். பாம்பன் பாலத்தை அட்டையில் தொடங்கியிருக்கிறேன். பழைய பாலம் 1914-இல் கட்டியது, ரயில் ஓடிய காலத்தில் இரண்டு பக்கமும் கை தூக்குவதுபோல் திறந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுத்துண்டு அப்படியே மேலே எழும்புகிறது. ரயிலில் புதியதன்மேல் போனபோது ஜன்னல் வழியே பழையது தெரிந்தது. பழைய பாலத்தின் தூண்கள் ஒவ்வொன்றாக ஓடுவதுதான் படம். ஆனால் தூண்களை வரிசையாக வரைந்தால் ரயில் ஓடுவதாகத் தெரியவில்லை, தூண்கள் அதே இடத்தில் நடுங்குவதாகத்தான் தெரிகிறது. ஏன்?

மண்டபம் ஆசிரியை எழுதியது:

தூண்களெல்லாம் ஒரே மாதிரி இருப்பதால்தான் தம்பி. ஒரு தூண் அடுத்த தூணின் பாதித் தூரம் நகர்ந்தால், முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒவ்வொரு அட்டைக்கும் நகரும் தூரத்தைத் தூண் இடைவெளியில் கால் பங்குக்கும் கீழே வைத்துப் பார். ஏதாவது ஒரு தூணில் மட்டும் ஓர் அடையாளம் போடு, நீர்க்காகம் உட்கார்ந்திருப்பதாக இருக்கட்டும். கண் அதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தானே ஓட்டிவிடும். முதல் ஐம்பது அட்டையைப் படமெடுத்ததும் இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.

சின்னப்பாலம் எழுதியது:

அக்கா, எனக்குத் தேரி மணல் வேண்டும். சாயல்குடிக்குப் போகும் பஸ்ஸில் அம்மாவும் வருகிறேன் என்கிறார். சல்லடை எந்த எண்ணில் வாங்குவது?

மண்டபம் ஆசிரியை எழுதியது:

புதிதாக எதையும் வாங்காதே. வீட்டில் மைதா சலிக்கும் சல்லடை இருந்தால் அதுவே போதும். அம்மா வருவது நல்லதாகப் போயிற்று, கையை வரையும்போது அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.